எழுதுவோரும் உடன் நிற்போரும்



எழுதுவது தனிமையில் செய்யும் தொழில். ஆயினும் முற்றும் தனித்து விடப்பட்ட எழுத்தாளன் நெடுநாள் எழுதுவதில்லை. பரிசும் பணமும் வாராவிடினும் அவன் பொறுத்துக்கொள்வான். தன் எழுத்தை எவரேனும் படித்தாரா என்று அறியாதிருப்பதையே அவனால் பொறுக்க இயலாது.

1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ என்னும் சிற்றேட்டைத் தொடங்கினார். யாப்பை விட்டு எழுதப்பெற்ற புதுக்கவிதையைப் பலர் கவிதையென்றே ஒப்பாத காலம் அது. மூத்தவரான ந. பிச்சமூர்த்தியும், திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமுவும் அவ்வேட்டில் ஒருங்கே இடம்பெற்றனர். 1962-இல் 24 கவிஞர்களின் படைப்புகள் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுதியாக வெளிவந்தன.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தது வெறும் புகழ்ச்சியன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் கூர்ந்து படித்தனர். கருத்து மாறுபட்டால் அதனையும் எழுதினர். படித்தபின் மறுப்பதும் ஒருவகை மதிப்பே அல்லவா? செல்லப்பாவோ நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிகளுக்குச் சென்று விற்றார். 1970-இல் ஏடு நின்றது. அது வளர்த்த கவிதை நிற்கவில்லை.

உங்கள் வகுப்பிலும், எழுதியதை எவருக்கும் காட்டாமல் குறிப்பேட்டை மூடிவைக்கும் தோழர் ஒருவர் இருக்கக்கூடும். கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘நன்று’ என்னும் ஒரு சொல்லோடு திருப்பித் தந்துவிடாதீர்கள். எந்த வரி நெஞ்சில் நின்றது, எவ்விடம் விளங்கவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் அடுத்த பக்கத்தை எழுதுவதும் எழுதாது விடுவதும் உங்கள் சொல்லைப் பொறுத்ததாக இருக்கலாம்.