வேலையும் சுபாவமும்

(ஒரு பிரசங்கத்தின் சுருக்கம்)



ஒரே பட்டறையில், ஒரே கூலிக்கு, ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவன் சிரித்துக்கொண்டும் மற்றவன் சலித்துக்கொண்டும் இருப்பதைத் தினமும் பார்க்கின்றோம். காரணம் கேட்டால் "எல்லாம் தலையெழுத்து" என்கின்றார்கள். தலையைச் சிரைத்துப் பார்த்தாலும் அங்கே எழுத்து ஒன்றையும் காணோம். ஆனால் சுபாவம் என்று ஒன்று இருக்கின்றது. அதை அறிஞர்கள் அளந்தும் பார்த்திருக்கின்றார்கள்.

ஒரே கருவிலிருந்து பிரிந்து, தனித்தனி வீடுகளில் வளர்ந்த இரட்டையர் 34 ஜோடிகளை விசாரித்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 1989இல் வெளியாயிற்று. வேலையில் அடையும் திருப்தியில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் 100க்குச் சுமார் 30 பங்கு பிறவியைச் சேர்ந்தது என்றார்கள். 2002இல் டிமதி ஜட்ஜ் முதலியவர்கள் 163 தொகுதிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். சதா கவலையும் எரிச்சலும் கொள்ளுபவருக்குத் திருப்தி குறைவு என்றும், பொறுப்பாய்ச் செய்பவருக்கும் கலகலப்பாய்ப் பழகுபவருக்கும் அதிகம் என்றும், புதுமை நாடும் குணத்துக்கு இதில் அநேகமாய்ச் சம்பந்தமே இல்லை என்றும் கண்டார்கள்.

இதைக் கேட்டு இருவர் சந்தோஷப்படுவார்கள். ஒருவர் வருணாசிரமக்காரர். "பார்த்தீர்களா, பிறவிக்கேற்ற தொழில் என்று நாங்கள் சொல்லவில்லையா?" என்பார். ஐயா, அக்கணக்கு ஆளைப் பற்றியதேயொழிய ஜாதியைப் பற்றியதல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வருக்கே நாலு சுபாவம் இருக்கும்போது, அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டுவது எந்த நியாயம்? நாமே அப்பன் தொழில் என்பதற்காகத் தராசு பிடித்து, கணக்கைத் தப்புத்தப்பாய் எழுதி வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள்தான். பேச்சில் பிரியமுள்ளவனைப் பெட்டியடியில் உட்காரவைத்தால் வேறென்ன நடக்கும்?

மற்றவர் முதலாளி. "கூலியில் குறையில்லை, உன் குணத்தில்தான் குறை" என்பார். அதுவும் செல்லாது. 2002 கணக்கின்படி ஐந்து வகைக் குணங்களும் சேர்ந்தே 100க்குச் சுமார் 17 பங்கு வித்தியாசத்தைத்தான் விளக்குகின்றன. முன் சொன்ன 30 என்றே வைத்துக்கொண்டாலும் மீதி 70 எங்கே? கூலி, வேலை நேரம், மேஸ்திரியின் வாய், நம் யோசனைப்படி செய்ய இடம் உண்டா இல்லையா என்பவைகளில் அல்லவா தேடவேண்டும்?

ஆகவே தோழர்களே! பிள்ளையை வேலைக்கு அனுப்புமுன் ஜாதகத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். நமக்கு வேலை கசந்தால், குறை சுபாவத்திலா, வேலையிலா என்று முதலில் விசாரிப்போம். சுபாவத்துக்குப் பொருந்தாத வேலையானால் வேறு தேடுவோம். வேலையிலேயே குறையானால் சங்கமாய்ச் சேர்ந்து கேட்போம். இரண்டுக்கும் தலையெழுத்து வேண்டியதில்லை, புத்தியிருந்தால் போதும்.