கடை தவறினால் எவர் காணி போகும்?

(வட்டுக்கோட்டையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இளைப்பாறிய ஆசிரியர் கையிற் பணிக்கொடை இருக்கின்றது. கமக்காரர் கையில் வெங்காயம் விற்ற காசு இருக்கின்றது. பிள்ளை கனடாவிலிருந்து அனுப்பிய பணத்தைத் தாய் காத்து வைத்திருக்கின்றாள். மூவரும் கேட்பது ஒன்றே: புதிதாகத் தொழில் தொடங்குவதா? நடக்கும் கடையை விலைக்கு வாங்குவதா? "பிரான்சைஸ்" என்று சொல்கின்றார்களே, அந்த முறையிற் பெரிய நிறுவனமொன்றின் பெயரைப் பெற்று நடத்துவதா?

எதில் இலாபம் மிகுதி என்பதை வியாபாரிகள் சொல்வார்கள். சட்டம் படித்தவன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. தொழில் தவறினால் எவர் காணி ஏலத்துக்குப் போகும்? இந்த ஒன்றை மனத்திற் கொண்டு மூன்று வழிகளையும் பார்ப்போம்.

புதிதாகத் தொடங்குவது மெதுவான வழி. பெயரைப் பதிந்து, சிறிய முதலோடு ஆரம்பிக்கலாம். தவறினாலும் நட்டம் சிறிது. ஆனால் மைத்துனனும் மைத்துனனும் வாய்ச்சொல்லிற் பங்கு சேரும் பழக்கம் நம்மிடம் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்கு வியாபாரம் எழுத்தில் இருத்தல் வேண்டும். இன்று 1,000 ரூபாவில் எந்தக் கடை திறக்க முடியும்? ஆகவே எழுதாத பங்கு எதுவும் வழக்கிலே நிற்பது அரிது. எழுதிக் கொள்வது உறவைக் கெடுக்காது. எழுதாமையே உறவைக் கெடுக்கின்றது.

நடக்கும் கடையை வாங்குவோர் நான்கு விடயங்களை விசாரிக்க வேண்டும். மூன்றாண்டுக் கணக்கு எங்கே? கடை நிற்கும் கட்டிடத்தின் குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டதா, எத்தனை ஆண்டுக்கு? சரக்குக்காரருக்கும் வரிக்கும் எவ்வளவு பாக்கி? ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12உம், தொழிலாளியிடம் கழித்த 8உம் ஒழுங்காகக் கட்டப்பட்டனவா? இவற்றிற்கு மேலும் ஒன்றுண்டு. சனங்கள் கடைக்கு வருகின்றனரா, கடைக்காரரின் முகத்துக்கு வருகின்றனரா? முகத்துக்கு வருவாராயின், விற்றவர் எதிர்வரிசையிலே மறுகடை திறந்த அன்றே நீங்கள் வாங்கியது வெறும் அலுமாரிகளாகிவிடும். அதைத் தடுக்கும் நிபந்தனையை உடன்படிக்கையிலே சேர்த்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி பெயருரிமை. பெயர் பெரிது, பழக்கித் தருவார்கள், விளம்பரமும் அவர்களுடையது. மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் பெரும்பாலும் விற்பனையின் மேலே விதிக்கப்படுகின்றது. இலாபத்தின் மேல் அன்று. ஓர் உதாரணம் சொல்கின்றேன். மாத விற்பனை 10 இலட்சம். செலவு போக மிஞ்சுவது நூற்றுக்கு 10, அதாவது 1 இலட்சம். உரிமைக் கட்டணம் விற்பனையில் நூற்றுக்கு 6 என்றால் 60,000 போய்விடும். மிகுதி 40,000 ரூபாவிலேதான் வங்கித் தவணையும் வீட்டுச் சீவியமும். விற்பனை குறைந்து மிச்சம் ஒன்றும் இல்லாத மாதத்திலும் நூற்றுக்கு 6 கட்டியே ஆகவேண்டும். நம் நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. நீங்கள் ஒப்பமிட்ட தாளே உங்களுக்குச் சட்டம். அதை முடிவுறுத்தும் உரிமை எவருக்கு, எந்தக் காரணத்துக்கு என்ற பந்தியை முதலிற் படியுங்கள்.

இனி அந்தக் காணிக்கு வருகின்றேன். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, பெருந்தொகைக் கடன்களில், நீதிமன்றத் தீர்ப்பின்றியே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் வங்கி ஈட்டுக் காணியை ஏலத்தில் விடலாம். பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2024இல் அவ்வதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது என்றால், அது எத்தனை பேரின் கழுத்தை நெருக்கியது என்பதை ஊகித்துக் கொள்ளுங்கள்.

நம் ஊரில் அந்தக் காணி பெரும்பாலும் எது? மனைவியின் சீதனக் காணி. தேசவழமையின்படி அது அவளுடைய சொத்து. 1911ஆம் ஆண்டுச் சட்டம், அதைப் பராதீனப்படுத்தக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கின்றது. ஆனால் அவள் ஒப்பமின்றிக் கணவன் அதை ஈடு வைக்க முடியாது. தாய்மார்களே, அந்த ஒப்பமே உங்கள் வேலி! கடைக் கணக்கைப் பாராமல் அதை இடாதீர்கள்.

உழைப்பும் புத்தியும் இருந்தாற் போதாதா என்பீர்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையாயிற்று; பூட்டிய கடைகளின் முதல் என்னவாயிற்று? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்குமுன் ஒரு போகம் போய்விட்டது. 2022இல் 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதங்களிற் 360ஐத் தாண்டியது. இவை எந்தக் கடைக்காரரின் குற்றம்? குற்றமில்லாதவனுக்கும் நட்டம் வரும் நாடு இது. ஆதலாற்றான் குடியிருக்கும் வளவை வியாபாரத்தோடு கட்டாதீர்கள் என்கின்றேன்.

அப்படியாயின் முதலுக்கு எங்கே போவது? இந்தத் தொகுதி அதற்கும் விடை கண்டது. 1952 முதல் 1956 வரை வட்டுக்கோட்டையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த வீரசிங்கம் அவர்கள், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி. தனித்தனியே தரகரிடம் நின்ற புகையிலைக் கமக்காரர், 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கமாய் ஒன்றுகூடித் திருவிதாங்கூர்ச் சந்தைக்குச் சரக்கனுப்பினர். அதே பத்தாண்டிலே அயலூரான மூளாயில் மக்கள் ஒரு கூட்டுறவு வைத்தியசாலையையே எழுப்பினர். பலர் சிறுபங்கு இட்டால், தவறும்போது ஒவ்வொருவருக்கும் பங்களவே போகும்; வீடு போகாது. ஆனால் சங்கம் என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது. கணக்குக் காட்டாத சங்கம் தரகரினுங் கொடியது.

ஆகவே நண்பர்களே, போனாற் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு என்பதை இன்றிரவே கணவனும் மனைவியுமாக ஒரு தாளில் எழுதுங்கள். அத்தொகைக்குள் அடங்கும் வழியையே தெரிந்தெடுங்கள். அடங்காவிடின் அயலவரோடு சேருங்கள். அதுவும் இயலாவிடின் பொறுத்திருங்கள். பொறுத்தவன் அடுத்த ஆண்டு கடை திறக்கலாம். காணி உறுதியை இழந்தவனுக்கு அடுத்த ஆண்டும் ஒரு வழியும் இராது.