ஏட்டைச் சுமந்து வாழ்ந்த இனம்
(பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் ஆற்றிய உரை)

தோட்டத்திலிருந்து பஸ் ஏறி இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வரை வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே!

யூதர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் புருவம் உயர்த்தினார்கள். பாலஸ்தீன மக்களின் துயரம் நாம் அறிந்ததே. ஓர் அரசின் செயலை வைத்து ஒரு மக்களின் ஈராயிரமாண்டுக் கதையை ஒதுக்கிவிட முடியுமா?

கி.பி. 70-ல் ரோமானியர் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அப்போது யோகனான் பென் சக்காய் என்ற முதியவர் ரோமானியத் தளபதியிடம் கேட்டது பொன்னுமல்ல, பொருளுமல்ல. யாவ்னே என்ற ஊரில் பாடம் நடத்த இடம் கேட்டார் என்பது அவர்கள் மரபு. கோயில் போனது, பள்ளிக்கூடம் நின்றது. இருபதாம் நூற்றாண்டில் ஹிட்லர் ஆட்சி 60 லட்சம் பேரைக் கொன்றபோதும் அந்த ஏடு அழியவில்லை.

இவர்கள் நமக்குத் தூரத்து ஜனங்கள் இல்லை. ஏறத்தாழ கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கினான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு என 72 உரிமைகள்! அதன் எழுத்து நம்ம பழைய வட்டெழுத்து. மட்டாஞ்சேரியில் மன்னர் அரண்மனையை ஒட்டி 1568-ல் எழுந்த தொழுகைக்கூடம் இன்றும் உண்டு. ஆண்கள் எபிரேயத்தில் வேதம் ஓத, பெண்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கென்று காத்து வந்தார்கள். தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். 1957-ல் இந்நாட்டில் 800-க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குறைந்து இன்று 500 சொச்சமாகிவிட்டன. பள்ளி மூடினாலும் வீட்டில் ஒரு நோட்டு இருக்க வேண்டாமா?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கொச்சியில் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பிரித்தார்கள். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியைச் சரிசமமாக உட்கார விடவில்லை. வேதம் வாசிக்கவும் விடவில்லை. நம்ம லயத்தில் "அவன் என்ன ஆளு?" என்று காதைக் கடிப்பதும் இதே நோய்தான். கல்யாணப் பேச்சு வரும்போது தெரியும்! அந்தச் சந்ததியில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்த ஏ.பி. சேலம், காந்தியடிகள் வழியில் தொழுகைக்கூடத்திலேயே சத்தியாகிரகம் செய்தார்.

தடைகள் மெல்லத் தளர்ந்தன. அதற்குள் 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. 1950-களில் பெரும்பாலோர் கொச்சியை விட்டுப் புறப்பட்டார்கள். அவர்கள் கூட்டுத் தொழுகைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பினாங்கில் அந்தப் பத்துப் பேர் கிடைக்காமல் நாகூர் வீதித் தொழுகைக்கூடம் 1976-ல் மூடப்பட்டது. மட்டாஞ்சேரியில் கட்டடம் இருக்கிறது, விளக்குகள் இருக்கின்றன. உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் இல்லை.