மாட்டு இன்சூரன்ஸ்: எதற்குப் பணம் வரும்? எதற்கு வராது?

(பால் சங்கக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பேசியது)

நானும் உங்களைப் போல மாடு வளர்ப்பவள்தான். கடன் வாங்கி ஒரு கறவை மாடு வாங்கினேன். இன்சூரன்ஸும் எடுத்தேன். ஒரு நாள் வேலியில் மாட்டி, காதுவில்லை அறுந்து விழுந்தது. "வில்லைதானே, போகட்டும்" என்று இருந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து மாடு செத்தது. பணம் கேட்டேன். "வில்லை எங்கே?" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. பணம் வரவில்லை. மாடு போனது. கடன் நின்றது.

பாலிசித் தாள் பெட்டியில்தான் இருந்தது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. எழுதப் படிக்கக் கற்ற பிறகுதான் கேட்கும் தைரியம் வந்தது. சங்கச் செயலாளர் வாசித்துப் பொருள் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைத்தான் இன்று சொல்கிறேன்.

எதற்குப் பணம் வரும்?

நோய் வந்து மாடு செத்தால் வரும். விபத்தில் செத்தால் வரும். தீ, இடி, வெள்ளம், புயல் இவற்றால் செத்தாலும் வரும்.

எதற்கு வராது?

வைத்தியச் செலவுக்கு வராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். மடி நோய்க்கு ஊசி போட்ட செலவை இந்த பாலிசி தராது. இது மாட்டின் உயிருக்கான இன்சூரன்ஸ்.

மாடு திருட்டுப் போனால் வராது. பட்டினி போட்டோ, அடித்தோ செத்தால் வராது. பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்தால் வராது. பொதுவாக, எடுத்த முதல் 15 நாட்களுக்குள் வரும் நோய்க்கும் கிடையாது.

மாடு சாகவில்லை, ஆனால் பால் கறக்கவே முடியாமல் போய்விட்டது. அப்போது? நிரந்தர ஊனத்துக்கு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் கிடைக்கும். எடுக்கும்போதே கேளுங்கள்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்த்துச் சான்று தருவார். அதில் உள்ள எண்ணும் காதுவில்லை எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வில்லை விழுந்தால் உடனே தகவல் சொல்லி, புது வில்லை போடுங்கள். புது எண்ணைப் பாலிசியில் பதியச் செய்யுங்கள். கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள்.

மாடு செத்தால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். முதலில் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். மருத்துவரை அழைத்துப் பிணப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். வில்லையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பிரீமியம் கட்ட முடியுமா என்று பயப்பட வேண்டாம். தேசிய கால்நடை இயக்கத்தின் இன்சூரன்ஸ் திட்டத்தில், 2024-இல் நம் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 100 ரூபாய் பிரீமியம் என்றால் நாம் கட்டுவது 15 ரூபாய். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும். மாட்டாஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

இப்போது என் வீட்டில் வேறொரு மாடு நிற்கிறது. தினமும் காலையில் தண்ணீர் காட்டும்போது அதன் காதைப் பார்க்கிறேன். நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். எண்ணை நீங்களே வாசியுங்கள்.