முதலில் பிரேக், அப்புறம் காற்று



சைக்கிளை எடுக்கும்போது நம்மில் பலரும் தவறாமல் செய்கிற ஒரு காரியம், குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பது. காற்று இருந்தால் ஏறி மிதித்துவிடுவோம். காற்று குறைந்தால் கால் வலிக்கும். அதனால் அதில் அவ்வளவு அக்கறை. பிரேக் தேய்ந்தால் எங்கேயும் வலிக்காது. சட்டென்று நிறுத்தவேண்டிய நேரம் வரும்வரை அது தெரியவும் தெரியாது. முதலில் பிரேக்கைப் பாருங்கள், அப்புறம் காற்றைப் பாருங்கள் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அரியலூரைச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கும். அரவைக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர்கள். பெரம்பலூரை ஒட்டியே திருச்சி - சென்னை நெடுஞ்சாலை. இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள்.

பிரேக்கைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். முன்சக்கரம் உருளக் கூடாது. பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட வேண்டும். பிடி ஹேண்டிலைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்தால், இறுக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்படியே முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே 'டக் டக்' என்று கேட்டால் அங்கே பால்ரஸ் இருக்கும் கப் தளர்ந்திருக்கிறது.

பிரேக் கட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில சைக்கிள்களில் அந்த ரப்பர் உட்கார்ந்திருக்கும் தகரக் கூடு ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் இருக்கும். ரிம் எந்தத் திசையில் ஓடுகிறதோ, மூடிய பக்கம் அந்தத் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால், வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ரிம்மே ரப்பரைக் கூட்டிலிருந்து இழுத்து வெளியே தள்ளிவிடும். கட்டை மாற்றிய அன்றே இதைக் கவனித்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. பளபளப்பான இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் வழுக்கும். வழக்கமான தூரத்தில் வண்டி நிற்காது. கொஞ்சம் முன்கூட்டியே லேசாகப் பிடித்து, ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைக்கவிட்டு, பிறகு அழுத்த வேண்டும்.

சாலைத் தூசியும் சும்மா இருப்பதில்லை. அரியலூர்ப் பக்கம் சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகள் படிந்த கல்லைத்தான் இன்று சிமெண்டுக்கு வெட்டுகிறார்கள். அந்தத் தூள்தான் உங்கள் செயினில் எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடுகிறது. பழைய அழுக்கின் மேலேயே எண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, கணுக்கணுவாகச் சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய்த் துணி ரிம் பக்கம் போகவே கூடாது.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பெடல் பக்கம் ஒரு குலுக்கல் தெரிந்தால், அநேகமாகக் கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். வீட்டில் சுத்தியலால் ரெண்டு போடு போடுவது வழக்கம். கடைக்காரர் கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்துத்தான் அடிப்பார். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ரஸ் மேல் இறங்கும். பின்னை உள்ளே இறக்குவது சுத்தியல்தான்; நட்டு அதை நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டும்.

பஞ்சருக்கு வருவோம். காற்றடைத்த டயரை 1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். அவர் ஊரில் சீமைக் கருவேல முள் கிடையாது, பாவம் நமக்குத்தான் வாய்த்தது. காற்று இறங்கியதும் டயரைக் கழற்றிவிட வேண்டாம். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வில் மாட்டியிருக்கும் வால்டியூப் ரப்பரில். வெயிலில் அந்த ரப்பர் விறைத்து வெடித்துவிடும். மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

முள்தான் குத்தியது என்றால், டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவி முள்ளை எடுங்கள். வெறும் விரலை விட்டால் விரலில் ஏறும். உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவி, அது காய்ந்து மங்கும்வரை பொறுங்கள். ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு வழியிலேயே பிரிந்துவிடும். டயர் கழற்ற லீவர்தான் வேண்டும். திருப்புளியை விட்டு நெம்பினால் ஒரு ஓட்டை இரண்டாகும். லீவர், பல அளவுக் கண் உள்ள ஸ்பேனர், திருப்புளி, சொலுஷன், ஒட்டு, வால்டியூப், கைப்பம்பு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு துணிப்பையில் அடங்கிவிடும். ஒரு குறிப்பு: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் இறுகத்தான் செய்யும்.

இந்தக் கருவிப் பை ஆண்களுக்கு மட்டும் சொந்தமில்லை. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். இன்று பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் செயின் கழன்றால் இன்னும் அண்ணனையோ அப்பாவையோ தேடுகிறோம். ஸ்பேனரையும் ஓட்டுகிற பெண்பிள்ளை கையிலேயே கொடுத்துவிடலாமே!

பொழுது சாய்ந்தபின் போவதானால், பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான் இருக்கிறதா, சேறு மூடியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள். தாவணி, துப்பட்டா நுனி சக்கரத்தில் சிக்காதபடி முடிந்துகொள்ளுங்கள்.

பள்ளியில் கொடுத்த புது சைக்கிள்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம். புதுசில்தான் நட்டுகள் தளரும். முதல் மாதத்திலேயே கடையில் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கச் சொல்லுங்கள். புத்தகப் பையை ஹேண்டிலில் தொங்கவிடுவதை மட்டும் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. அதைக் கேரியரில் வைத்துக் கட்டுங்கள்.