மலைநகரின் பசுந்திடல்

பெரியநீலாவணையின் கடற்கரை மணலில் நடந்து பழகிய கால்களுக்கு நுவரெலியாவின் தரை புதிது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், பிதுருதலாகலை மலை பார்த்து நிற்க, நகரின் நடுவிலேயே பரந்து கிடக்கிறது கோல்ப் மைதானம். ஆங்கிலேயர் ஆட்சியில், 1889ஆம் ஆண்டில், அது தோன்றியது.

மைதானம் என்றதும் சமதரையை எண்ணிச் செல்லும் நேயர் ஏமாறுவர். மேடும் பள்ளமும், சரிவும் ஓடையும் பெரிதும் இயற்கை அமைத்தவாறே உள்ளன. ஊசியிலை மரங்களுக்கிடையே சிறு பந்தைத் தடியால் அடித்துச் சென்று, 18 குழிகளில் ஒவ்வொன்றாக வீழ்த்த வேண்டும். அடிகள் எத்துணைக் குறைகின்றனவோ அத்துணைச் சிறப்பு. அடித்தவர் பந்தைத் தேடித் திகைக்கையில், பை சுமந்து உடன் செல்பவர் அது உருண்ட பள்ளத்தைச் சுட்டிக்காட்டுவார். நிலத்தை அறிந்தவர் அவரே.

இவ்வாட்டம் வளர்ந்த இடமோ மலையன்று. ஸ்கொத்லாந்தின் கடலோர மணல்மேடுகள்! கரையோர மக்களுக்கு இது வியப்பளிக்கும். உழவுக்கு உதவாத நிலம் அது. அங்குள்ள சென்ற் அன்றூஸ் ஊரில் 1764இல் 18 ஆகக் குறைக்கப்பட்ட குழிகளே பின்னர் உலகக் கணக்காயின. அம்மைதானம் இன்றும் ஊர்ப் பொதுநிலம். பெரும்போட்டிக் காலம் நீங்கலாக, ஞாயிறுதோறும் ஆட்டம் நிறுத்தப்பட, ஊரார் அதில் உலாவுகின்றனர்.

நுவரெலியா மைதானம் கழகத்துக்குரியது. கட்டணம் செலுத்தினால் வெளியாரும் ஆடலாம். ஆடாதவர்க்குத் தெருவோரக் காட்சியே எஞ்சுகிறது. ஞாயிற்றுலா ஒன்று இங்கும் வாய்த்தால் நகரத்தார் மகிழ்வர். மூடுபனி இறங்கினால் குழியைக் காட்டும் கொடியும் மறைந்துவிடும். காணச் செல்வோர் காலையிலேயே செல்வது நன்று.