முதலில் அழுத்துவோம்

 

அறுவை சிகிச்சையின்போது ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் முறைகளே நம் மாநாட்டின் பொருள். புதிய கருவிகள், பசைகள், பஞ்சுகள் பற்றிப் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றை ஆவலோடு கேட்கக் காத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எதைக் கொண்டு ரத்தத்தை நிறுத்துகிறோம் என்பதைவிட, எந்த வரிசையில் நிறுத்துகிறோம் என்பதே நோயாளியைக் காக்கிறது. முதலில் தற்காலிகமாக அடக்க வேண்டும். பிறகு கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகே நிரந்தரமாக நிறுத்த வேண்டும்.

நம் துறையின் வரலாறே இதற்குச் சான்று. 1552இல் தான்வில்லெர் முற்றுகையின்போது ஆம்ப்ருவாஸ் பாரே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர், கால் துண்டிப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதைத் தவிர்த்து, ரத்தநாளங்களை நூலால் கட்டினார். முறை சரியானது. ஆனாலும் அது பரவக் காலம் பிடித்தது. பீய்ச்சும் ரத்தத்துக்கு நடுவே நாளத்தைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவது எளிதல்ல. 1718இல் ழான் லூயி பெத்தி என்னும் அறுவை மருத்துவர் திருகு டூர்னிக்கெட்டைக் கொண்டுவந்து, ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்திவைக்க வழி செய்தார். அதன் பிறகே நிதானமாக முடிச்சுப் போடக் கைக்கு அவகாசம் கிடைத்தது.

1908இல் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் என்னும் அறுவை மருத்துவர் கல்லீரல் காயங்களுக்குச் சொன்னதும் இதே பாடம்தான். கல்லீரலுக்குள் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. உள்ளே செல்லும் தமனியையும் போர்ட்டல் சிரையையும் விரல்களுக்கு இடையே அழுத்திப் பிடித்தால் களம் தெளிகிறது. அப்படிப் பிடித்தும் ரத்தம் கொட்டினால், கல்லீரல் சிரைகளிலோ பெருஞ்சிரையிலோ காயம் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அடக்கும் செயலே நோயறியும் செயலாகவும் ஆகிவிடுகிறது.

1926இல் பாஸ்டனில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியால் தலையில் இருந்த கட்டி ஒன்றை அகற்றினார். சில நாள் முன்பு அதே கட்டியை எடுக்க முயன்று, ரத்தப்போக்கு மிகுந்ததால் பாதியில் நிறுத்தியிருந்தார். இன்று டயதெர்மி எனப்படும் அந்த மின்கருவி இல்லாத தியேட்டரே இல்லை. அந்தக் கருவியோடு, உரிய நேரத்தில் நிறுத்திக்கொண்ட குஷிங்கின் நிதானத்தையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் அடிக்கடி காணும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும்போது, பித்தநாளத்தை ஒட்டிய கேலட் முக்கோணத்தில் சிறு தமனி ஒன்று அறுந்து திரை முழுவதும் சிவந்துவிடுகிறது. கை உடனே கிளிப்பைத் தேடும். அந்தக் கையை அடக்குங்கள். ரத்தக் குளத்துக்குள் கண்மூடித்தனமாகப் போடும் கிளிப் பித்தநாளத்தைக் கவ்விவிடலாம். அந்தக் காயம் நோயாளியை ஆண்டுக்கணக்கில் வாட்டும். ஒரு காஸ் துணியையோ பித்தப்பையையோ கசியும் இடத்தில் வைத்து, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எட்டிப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் கசிவு நின்றிருக்கும். நிற்காவிட்டாலும் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். அப்போதும் தெரியவில்லை என்றால் மூத்தவரை அழையுங்கள், வயிற்றைத் திறவுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இந்த வரிசை கத்தி வைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், 500 மில்லிக்கு மேல் ரத்தம் இழக்க வாய்ப்புண்டா என்ற கேள்வி மயக்கம் கொடுப்பதற்கு முன்பே வருகிறது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுப்பதா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம். ஜப்பானைச் சேர்ந்த உத்தாகோ ஒகாமோத்தோவும் அவர் கணவர் ஷோசுகேவும் கண்டறிந்து 1962இல் வெளியிட்ட மருந்து அது. இதயம் சாராத அறுவைகளில் 9,535 பேரிடம் இம்மருந்தைச் சோதித்த பாய்ஸ்-3 ஆய்வு 2022இல் வெளியானது. பெரிய ரத்தப்போக்கு, மருந்து பெறாதவர்களில் 11.7 விழுக்காடாகவும் பெற்றவர்களில் 9.1 விழுக்காடாகவும் இருந்தது. விலை குறைந்த, தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடிய மருந்து இது. நோயாளியின் உடல் குளிராமல் காப்பதும் அதே அளவு முக்கியம். குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். ரத்தம் நின்றது என்பதோடு முடிக்காமல், முதல் ஐந்து நிமிடத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். நிற்காமல் போன நிகழ்வுகளையும் மறைக்காமல் வையுங்கள். இளையோர் கற்பது அதிலிருந்துதான். பேராசிரியர்கள், அழுத்திப் பொறுத்திருக்கும் பயிற்சியை முடிச்சுப் பயிற்சிக்கு இணையாக முதல் ஆண்டிலேயே தர வேண்டும். அதற்கான பொதுவான பயிற்சி வரைவு ஒன்று இம்மாநாட்டின் நிறைவுக்குள் உருவாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.